சதுரானன பண்டிதர்

செஞ்சோற்றுக் கடன் கழித்தல் பண்டை வீரர்க்கு உயிரினும் மேலான அறமாகும். தன்னைப் பேணிய தலைவன் களத்தில் வீழுங்கால் அவனோடு தானும் வீழ்தலே வீரனுக்குப் பெருமை என நம் முன்னோர் கருதினர். அப்பேறு வாய்க்கப்பெறாத படைத்தலைவன் ஒருவன் அக்கடனை வேறு வகையாற் கழித்த வரலாற்றைத் திருவொற்றியூர்க் கல்வெட்டு நமக்கு அறிவிக்கின்றது.

அப்படைத்தலைவன் வெள்ளங்குமரன் என்பான். அவன் மலைநாட்டுப் புத்தூரினன். கலை பல கற்றுத் தேர்ந்தவன். சோழநாடு போந்து, முதற் பராந்தக சோழனின் மூத்த மைந்தனாகிய இராசாதித்தனிடம் படைத்தலைவனாக அமர்ந்தான். அக்காலத்தில் வடபுலத்து இராட்டிரகூடர் சோழரோடு பகை முதிர்ந்திருந்தனர். ஆதலின், இராசாதித்தன் பெரும்படையுடன் திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் தங்கி எல்லையைக் காத்து வந்தான். அப்படையில் மலைநாட்டு வீரர் பலர் இருந்தனர். போரை எதிர்நோக்கியிருந்த அந்நாளிலும் வெள்ளங்குமரன் அறப்பணியை மறந்தானல்லன். பெண்ணையாற்றங்கரையிலுள்ள கிராமம் என்னும் ஊரில் சிவபெருமானுக்குக் கற்றளி ஒன்று எடுப்பித்தான். அஃது 943-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. இராட்டிரகூட வேந்தன் மூன்றாம் கிருட்டிணன் கங்கநாட்டுப் பூதுகனைத் துணைக்கொண்டு தொண்டைநாட்டின்மேல் படையெடுத்தான். திருவள்ளூருக்குத் தென்மேற்கே, அரக்கோணத்தை அடுத்துள்ள தக்கோலத்தில் 949-ஆம் ஆண்டு இரு படைகளும் கடும்போர் புரிந்தன. யானைமேல் நின்று பொருத இராசாதித்தன் பூதுகனால் கொல்லப்பட்டான். சோழர் படை நிலைகுலைந்தது. தொண்டைநாடு பகைவர் வயமாயிற்று.

அந்நாளில் வெள்ளங்குமரன் தன் தலைவன் அருகில் இருந்தானல்லன். உடன் பொருது உடன் மாயும் பேறு தனக்குக் கிட்டவில்லையே என அவன் நாணினான், நெஞ்சம் நைந்தான். மற்றொரு மன்னனை அடைந்து வாழ அவன் மனம் ஒருப்படவில்லை. வாளைத் துறந்தான், பதவியையும் செல்வத்தையும் துறந்தான், கங்கைக்குச் சென்று நீராடினான். பின்னர்த் திருவொற்றியூரை அடைந்து, நிரஞ்சன குரு என்னும் பெரியாரிடம் துறவு பூண்டான். அன்று முதல் அவர் சதுரானன பண்டிதர் எனப் பெயர் பெற்று, அவ்வூர் மடத்தின் தலைவராக விளங்கினார். கிராமத்தில் கற்றளி எடுத்த வெள்ளங்குமரனும் இத்துறவியும் ஒருவரே என்பது வரலாற்று அறிஞர் துணிபாகும்.

959-ஆம் ஆண்டை ஒட்டி, தாம் பிறந்த அவிட்ட நாள்தோறும் இறைவனுக்குச் சிறப்பு வழிபாடு நிகழுமாறு, 100 நிட்கம் பொன்னை அவர் ஊர்ச்சபையாரிடம் அறக்கட்டளையாக வைத்தார். நிட்கம் என்பது அக்காலத்துப் பொற்காசு. அக்கல்வெட்டு மூன்றாம் கிருட்டிணனின் 20-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்றது. தம் தலைவனைக் கொன்ற பகைவனது ஆட்சியிலேயே அவர் வாழ நேர்ந்தது. ஆயினும், பகை நினைந்து மீண்டும் வாளெடுத்தாரல்லர். பகைவனிடம் பதவி வேண்டியும் நின்றாரல்லர். வழிபாட்டிலும் மடத்தின் பணியிலும் தம் நாளைக் கழித்தார்.

அவருக்குப்பின் அம்மடத்துத் தலைவர்களும் சதுரானன பண்டிதர் என்னும் பெயரையே தாங்கினர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், அப்பெயர் பூண்ட ஒருவரது வேண்டுகோளின்படியே திருவொற்றியூர்க் கருவறை கருங்கல்லால் புதுப்பிக்கப்பெற்றது.

களத்தில் ஒரு நாளில் கொடுக்க இயலாத உயிரை, வாழ்நாள் முழுவதும் சிறிது சிறிதாக அறத்திற்குக் கொடுத்தவர் சதுரானன பண்டிதர். கடமையில் ஒருகால் தவறு நேர்ந்ததென வருந்துவோர், எஞ்சிய வாழ்நாளை எவ்வாறு பயன்படுத்துதல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.