வீட்டுக்கு வீடு சினிமா காமிரா தந்தவர்

1877-ம் ஆண்டு. அமெரிக்காவில் ரோச்சஸ்டர் நகரில் ஒரு பாங்கி குமாஸ்தா இருந்தார். வயது 23. விடுமுறையில், மேற்கு இந்தியத் தீவுகளில் உள்ள சாண்டோ டொமிங்கோவுக்குப் போய்வர அவருக்கு ஆசை.

போகும் இடத்தைப் போட்டோ எடுத்து வரும்படி நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். குமாஸ்தா காமிரா வாங்கினார். சாமான்களுக்கு ஏறத்தாழ 50 டாலர் ஆயிற்று.

காமிரா மட்டும் போதுமா? கனத்த முக்காலி, கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், தண்ணீர்ப் பாத்திரம், இருட்டறைக்கு ஒரு கூடாரம்! ஒரு படம் எடுக்க இத்தனையும் சுமக்க வேண்டும்.

குமாஸ்தா சாண்டோ டொமிங்கோவுக்குப் போகவில்லை. ஆனால், இந்தச் சுமையைக் குறைத்தே தீருவது என்று முடிவு செய்தார்.

அவர்தான் ஜார்ஜ் ஈஸ்ட்மன். "கோடக்" காமிராவை உலகுக்குத் தந்தவர்.

சமையல் அறையில் ஆராய்ச்சி

ஈஸ்ட்மன் 1854-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி பிறந்தார். 7 வயதில் தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் மரியா, வீட்டில் ஆட்களைத் தங்க வைத்து, சாப்பாடு போட்டு, அந்த வருமானத்தில் பிள்ளைகளை வளர்த்தார். ஜார்ஜ் பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தினார். இன்சூரன்ஸ் ஆபீசில் பையன் வேலை. வாரச் சம்பளம் 3 டாலர். செலவாகும் ஒவ்வொரு காசையும் நோட்டில் எழுதி வைப்பார்.

பிறகு பாங்கி வேலை கிடைத்தது. பகலில் பாங்கி, இரவில் தாயின் சமையல் அறையில் போட்டோ ஆராய்ச்சி. சில நாள், களைத்துப்போய் அடுப்பின் பக்கத்திலேயே படுத்துத் தூங்கிவிடுவார்.

மூன்று ஆண்டு உழைப்பு வீண் போகவில்லை. ஈரத் தகடு போய், உலர்ந்த தகடு வந்தது. 1881-ல் ஹென்றி ஸ்டிராங் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து கம்பெனி தொடங்கினார்.

25 டாலரும் ஒரு டாலரும்

1888-ல் "கோடக்" பிறந்தது. கையில் அடங்கும் பெட்டி. 100 படம் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் காமிராவையே கம்பெனிக்கு அனுப்பிவிட வேண்டும். படங்களைக் கழுவி அச்சிட்டு, புது பிலிம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். விலை 25 டாலர்.

கூலிக்காரனுக்கு 25 டாலர் பெரும் தொகை அல்லவா? 1900-ல் "பிரௌனி" என்ற காமிராவைக் கொண்டு வந்தார். விலை ஒரே டாலர்! சிறுவர்கள் கையிலும் காமிரா ஏறியது.

அசையும் படம்

1889-ல் ஈஸ்ட்மன் விற்பனைக்குக் கொண்டு வந்த ஒளி ஊடுருவும் பிலிம், எடிசனின் சினிமா ஆராய்ச்சிக்கு உதவியது. ஆனால், வீட்டில் சினிமாப் படம் எடுப்பது பணக்காரர்களுக்கே கடினமாக இருந்தது. பிலிம் விலை அதிகம். எளிதில் தீப்பற்றும் பண்டம் வேறு!

1923-ல் இதற்கும் வழி பிறந்தது. அகலம் 16 மில்லிமீட்டர். எளிதில் தீப்பற்றாத பிலிம். காமிராவில் ஓடிய பிலிமையே கழுவித் திரையில் காட்டலாம். தனிப் பிரதி வேண்டாம். செலவு வெகுவாகக் குறைந்தது.

என்றாலும் காமிரா, படம் காட்டும் கருவி, திரை எல்லாம் சேர்த்து 335 டாலர்! சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாக் கனி.

குடும்பம் இல்லாதவர்

குடும்பங்கள் படம் எடுக்க வழி செய்தவருக்குக் குடும்பம் இல்லை. ஈஸ்ட்மன் கலியாணம் செய்துகொள்ளவில்லை. தாயார்தான் அவருக்கு எல்லாம். 1907-ல் தாயாரும் போய்விட்டார்.

சம்பாதித்ததை வாரி வழங்கினார். 10 கோடி டாலருக்கு மேல் தருமம்! ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்கு "ஸ்மித்" என்ற பெயரில் ஒளிந்துகொண்டு பணம் கொடுத்தார். ஏழைக் குழந்தைகளுக்குப் பல் ஆஸ்பத்திரிகள் கட்டினார்.

70 வயதைத் தாண்டியபின், 1926-ல், ஆப்பிரிக்கக் காட்டுக்குப் போனார். தம் கம்பெனியின் சினிமா காமிராவும் கூடவே சென்றது. விடுமுறைப் படம் எடுக்கும் அந்தப் பழைய ஆசை, ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து நிறைவேறியது!

கடைசி நாள்

பின்னர் முதுகெலும்பு நோய் அவரை வாட்டியது. நிற்கவும் நடக்கவும் பெருந்துன்பம். 1932-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். வயது 77.

சில மாதங்கள் சென்றன. அவருடைய கம்பெனி 8 மில்லிமீட்டர் காமிராவை வெளியிட்டது. 16 மில்லிமீட்டர் பிலிமின் ஒரு பாதியில் முதலில் படம் பதியும். சுருளைத் திருப்பிப் போட்டால் மறு பாதியில் பதியும். பிறகு நீளவாக்கில் இரண்டாக வெட்டி ஒட்டுவார்கள். 25 அடி பிலிம் 50 அடி ஆகிவிடும்! காமிரா விலை 29 டாலர் 50 சென்ட்.

சம்பளக்காரர்கள் வாங்கினார்கள். குழந்தையின் முதல் நடையும், கடற்கரை விளையாட்டும், பாட்டியின் சிரிப்பும் பிலிமில் ஏறின.

அந்தக் காட்சிகளைக் காண ஈஸ்ட்மன் இல்லை.