ஊசிமுனைப் போர்: ஜேம்ஸ் கில்ரே

படைபலத்தால் அச்சுறுத்தும் பகைவனையும் நகைப்பினால் சிறியவனாக்க இயலும். அதனைச் செய்து காட்டியவர் இங்கிலாந்தின் கேலிச்சித்திரக் கலைஞர் ஜேம்ஸ் கில்ரே.

கில்ரே 1756ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் செல்சீ பகுதியில் பிறந்தார். அவருடைய தந்தையார் போரில் ஒரு கையை இழந்த படைவீரர். இளமையில் எழுத்துச் செதுக்கும் தொழிலைக் கற்ற கில்ரே, 1778இல் அரச கலைக்கழகத்தில் சேர்ந்து ஓவியம் பயின்றார்.

அக்காலத்தில் படம் அச்சிடுதல் எளிய செயலன்று. செப்புத் தகட்டின்மீது மெழுகு பூசி, ஊசியால் கோடுகள் வரைவர். தகட்டை அமிலத்தில் இட்டால், கோடுகள் பள்ளங்களாக அரிக்கப்படும். அவற்றில் மை நிரப்பித் தாளில் பதித்து, கையால் வண்ணம் தீட்டுவர். கில்ரேயின் படங்களை ஹன்னா ஹம்ப்ரி என்னும் பெண்மணி தம் கடையில் விற்றார். வாங்க வசதியற்றோரும் கடைச் சாளரத்தின் முன் திரண்டு, கண்டு மகிழ்ந்தனர்.

1803இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மீண்டும் போர் மூண்டது. நெப்போலியனின் பெரும்படை கடல் கடந்து வருமோ என மக்கள் அஞ்சினர். அவ்வேளையில் கில்ரே, நெப்போலியனைச் சினத்தால் அறைகலன்களை உதைத்துத் தள்ளும் குள்ளனாக வரைந்தார். மற்றொரு படத்தில், இங்கிலாந்து மன்னரின் உள்ளங்கையில் நிற்கும் சிற்றுருவாகக் காட்டினார். அச்சம் குடிகொண்டிருந்த உள்ளங்களில் சிரிப்பு எழுந்தது.

கில்ரே தம் நாட்டாரையும் விட்டுவைக்கவில்லை. 1805இல் வெளிவந்த புகழ்பெற்ற படத்தில், உலக உருண்டையே ஓர் உணவுப் பண்டமாகத் தட்டில் இருக்கிறது. நெப்போலியனும் இங்கிலாந்தின் தலைமையமைச்சர் பிட்டும் எதிரெதிரே அமர்ந்து அதனை அறுத்துப் பங்கிடுகின்றனர். பேராசை இருவருக்கும் பொது என்பதே அப்படத்தின் பொருள். எனினும், பிட்டின் அரசு 1797 முதல் சில ஆண்டுகள் அவருக்கு உதவித்தொகை வழங்கியது என்பதையும் நாம் மறத்தலாகாது.

பிற்காலத்தில் அவருடைய பார்வை மங்கியது, மனநலமும் குன்றியது. 1815 ஜூன் 1ஆம் நாள் கில்ரே மறைந்தார். 17 நாள்கள் கழித்து, வாட்டர்லூ களத்தில் நெப்போலியன் இறுதித் தோல்வியுற்றார்.

உண்மையில் நெப்போலியனின் உயரம் ஏறத்தாழ 168 செ.மீ.; அக்காலப் பிரெஞ்சு ஆடவர் பலரின் உயரத்திற்கு அது குறைந்ததன்று. ஆயினும், அவரைக் குள்ளர் என்றே இன்றும் பலர் எண்ணுகின்றனர். போர் முடிந்து இருநூறு ஆண்டுகள் கடந்தும் அப்பொய் அழியவில்லை. அஞ்சியோர்க்குத் துணிவூட்டிய அதே படம், உண்மையை மறைக்கவும் செய்தது.

சிந்தித்து எழுதுக: பகைவரை எள்ளி நகைக்கும் படத்தைக் காணும்போது, நாம் எவற்றை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்?