மோகன்தாஸ் விட்ட புகை

செஞ்சிக் கோட்டையில ராஜகிரி ஏறியிருக்கீங்களா? சுமார் 800 அடி உயரம். பாதி படியிலேயே நெஞ்சு படபடக்கும். போன மாதம் நாங்க ஏறினப்போ நண்பன் ஒருத்தன் நிழல் பார்த்து உட்கார்ந்து, பாக்கெட்ல இருந்து வேப்பை எடுத்தான். மாம்பழ வாசனை. இது சிகரெட் இல்ல, வெறும் ஆவிதான்னு விளக்கம் வேற. எனக்கு ராஜா தேசிங்கு ஞாபகம் வரல. ராஜ்கோட் பையன் ஒருத்தன்தான் ஞாபகம் வந்தான். அவன் கதையைக் கேளுங்க.

பெயர் மோகன்தாஸ். 1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில் பிறந்தவன். அப்பா சமஸ்தானத்துத் திவான். ரொம்பக் கூச்ச சுபாவம். மணி அடிச்சதும் யார்கிட்டயும் பேசாம வீட்டுக்கு ஓடிடுவான். 12, 13 வயசுல அவனுக்கும் உறவுக்காரப் பையன் ஒருத்தனுக்கும் ஒரு ஆசை வந்தது. புகை பிடிச்சா உடம்புக்கு நல்லதுன்னோ, அந்த வாசனை பிடிச்சோ இல்ல. வாயிலிருந்து புகையைச் சுருள் சுருளா விடணும், அவ்வளவுதான். வீட்டுப் பெரியவர் ஒருத்தர் அப்படி விடுறதைப் பார்த்த ஆசை.

முதல்ல அவர் தூக்கிப்போட்ட துண்டுகளைப் பொறுக்கி இழுத்தாங்க. அதுல புகை சரியா வரல, தினமும் கிடைக்கவும் இல்ல. அடுத்து வேலைக்காரர் சேர்த்து வெச்சிருந்த காசைத் திருடி பீடி வாங்கினாங்க. அதுக்கும் வழியில்லாதப்போ, ஏதோ ஒரு செடியோட தண்டுல துளை இருக்கும், அதைச் சிகரெட் மாதிரி இழுக்கலாம்னு கேள்விப்பட்டு அதையும் பற்ற வெச்சாங்க.

இங்க கொஞ்சம் நில்லுங்க. கையில இருந்த பொருள் ரெண்டு தடவை மாறிடுச்சு. துண்டு, பீடி, செடித்தண்டு. பழக்கம் மாறுச்சா? இல்ல. எது கிடைக்குதோ அதுக்குத் தாவுச்சு. தண்டும் அவங்களுக்குத் திருப்தி தரல.

எதுக்கும் பெரியவங்க அனுமதி வேணுமேங்கிற வெறுப்பு முற்றி, உயிரையே விட்டுடலாம்னு கோயிலுக்குப் போற அளவுக்கு ரெண்டு பேரும் போனாங்க. நல்லவேளை, தைரியம் வரல. திரும்பி வந்தாங்க. அதோட புகையும் போச்சு, காசு திருடுறதும் போச்சு.

15 வயசுல அண்ணனோட கடனை அடைக்க, அவர் காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தை வெட்டி எடுத்தான் மோகன்தாஸ். இந்தத் தடவை மனசு தாங்கல. நடந்ததை ஒரு தாள்ல எழுதி, படுக்கையில் கிடந்த அப்பா கையில கொடுத்தான். அடி விழும்னு எதிர்பார்த்தான். அப்பா அழுதார், தாளைக் கிழிச்சார், மறுபடி படுத்துட்டார். அந்தப் பையன்தான் காந்தி. 1925 முதல் நவஜீவன் இதழ்ல சுயசரிதை எழுதினப்போ, பீடிக் கதையையும் மறைக்காம எழுதினார். வளர்ந்த பிறகு, ரயில்ல பக்கத்துல யாராவது புகைச்சாலே அவருக்கு மூச்சு முட்டுமாம்.

இப்போ வேப்புக்கு வருவோம். பிரிச்சுப் பார்த்தா பேட்டரி, சூடாகுற காயில், திரவம். பெரும்பாலான திரவங்கள்ல இருக்கிற நிக்கோடின், சிகரெட்ல இருக்கிற அதே நிக்கோடின்தான். டீன் ஏஜ்ல வேப் பிடிச்சவங்க பின்னாடி சிகரெட்டுக்குப் போற வாய்ப்பு அதிகம்னு பல ஆய்வுகள் காட்டுது. வேப்தான் அதுக்குக் காரணமா, இல்ல எப்படியும் புகைக்கப் போறவங்கதான் வேப்பையும் எடுக்கிறாங்களான்னு விவாதம் இன்னும் ஓடுது. ஆனா நிக்கோடினுக்குப் பழகின மூளைக்கு அது எந்தக் குழாய் வழியா வந்தாலும் ஒண்ணுதான். 25 வயசு வரைக்கும் வளர்ற மூளைன்னா பழக்கம் இன்னும் சீக்கிரம் ஒட்டிக்கும். இந்தியாவுல 2019-லேயே வேப் விற்பனைக்குத் தடை வந்தாச்சு. அதனால எப்பவும் கிடைக்காது. கிடைக்காத நாள்ல என்ன ஆகும்?

அன்னைக்கு ராஜகிரியில அதைப் பார்த்தேன். உச்சிக்குப் போறதுக்குள்ள நண்பனோட வேப்ல சார்ஜ் தீர்ந்துடுச்சு. கோட்டையைச் சுத்திப் பார்க்கிறதுல அவனுக்கு மனசே இல்ல. கீழ இறங்கினதும் நேரா பெட்டிக்கடைக்குப் போய் ஒரு சிகரெட் வாங்கினான். வாழ்க்கையில அதுக்கு முன்னாடி சிகரெட்டே தொடாதவன் அவன்.

மோகன்தாஸ் துண்டுல ஆரம்பிச்சு தண்டுக்கு வந்தான். என் நண்பன் ஆவியில ஆரம்பிச்சு சிகரெட்டுக்குப் போயிட்டான். ரெண்டும் ஒரே படிக்கட்டுதான். உங்க பாக்கெட்லயும் ஒண்ணு இருந்தா, நீங்க இப்போ எந்தப் படியில நிக்கிறீங்கன்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க. மோகன்தாஸ் இறங்கினது 12, 13 வயசுல. நமக்கு 21 ஆச்சு, இன்னும் நேரம் இருக்கு.