லூயி துய்மோனும் மதுரை வட்டார மணவழி உறவும்

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் (1911–1998) மதுரைக்கு மேற்கேயுள்ள சிற்றூர்களில் நிகழ்த்திய கள ஆய்வு, குடும்பம் பற்றிய உலகளாவிய ஆய்வின் போக்கை மாற்றியது. மணவழி உறவு ஒரு திருமணத்தால் புதிதாகத் தோன்றுவதன்று. சொத்தைப் போலத் தலைமுறை தோறும் கைமாறி வருவது என்பது அவர் கண்ட முடிவு. அம்முடிவுக்கு அவரை இட்டுச் சென்ற வாழ்க்கைப் போக்கையும், அதன் வலிமையையும், அது விட்டுவைத்த இடைவெளியையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

திறவுச்சொற்கள்: உறவுமுறை, மணவழி உறவு, தாய்மாமன், சீர், பிறமலைக் கள்ளர்

முன்னுரை

தமிழ்க் குடும்பத்தை ஆராய்வோர் பெற்றோர், பிள்ளைகள் என்னும் குருதி உறவிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகின்றனர். ஆயினும் பங்காளி ஒருபுறமும் மாமன் மச்சான் மறுபுறமுமாக நிற்கும் இருமையே தமிழர் உறவுலகின் அடித்தளமாக உள்ளது. இவ்விருமையைக் கோட்பாடாக்கி உலக அறிஞர் முன் வைத்தவர் துய்மோன். அவரைச் சாதியமைப்பின் ஆய்வாளராக மட்டும் அறிந்திருப்பது, அவருடைய சிந்தனையின் ஊற்றுக்கண்ணைக் காணாது விடுவதாகும்.

இளமையும் கல்வியும்

துய்மோன் 1911இல், அன்று ஒட்டோமன் பேரரசின் கீழிருந்த சலோனிகா நகரில் பிறந்தார். இளமையில் கல்வியை இடைநிறுத்திப் பல பணிகளில் ஈடுபட்ட பின், பாரிசில் நாட்டார் கலை, மரபுகளுக்கான அருங்காட்சியகத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் மார்செல் மோஸ் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். கொடையும் எதிர்க்கொடையும் சமூக உறவை எவ்வாறு கட்டமைக்கின்றன என்பதை விளக்கியவர் மோஸ். அப்பாடம் பிற்காலத்தில் தமிழ்நாட்டுச் சீர்வரிசையைப் புரிந்துகொள்ளத் துய்மோனுக்குத் துணைநின்றது.

இரண்டாம் உலகப் போரில் சிறைப்பட்டு செர்மனியில் இருந்தபோது, சமண இயல் அறிஞர் வால்தர் சூப்ரிங்கிடம் அவர் வடமொழி கற்றார். போர் முடிந்து நாடு திரும்பியதும் தமிழும் இந்தியும் பயின்று, 1948இல் தமிழ்நாட்டிற்கு வந்தார்.

மதுரைக்கு மேற்கே

இன்றைய மதுரை மாநகரின் தென்மேற்கிலுள்ள பழங்காநத்தத்தைக் கடந்து திருப்பரங்குன்றம், திருமங்கலம் எனச் செல்லும் சாலையும், செக்கானூரணி வழியாக உசிலம்பட்டி செல்லும் சாலையும் பிறமலைக் கள்ளர் வாழும் பகுதிக்கு வழிகளாகும். துய்மோன் இம்மக்களிடையே ஏறத்தாழ எட்டு மாதம் தங்கி ஆய்வு செய்தார்.

அவர் வந்த காலம் கருதத்தக்கது. குற்றப் பழங்குடிச் சட்டத்தின் கீழ் இச்சமூகத்தினர் கைரேகை பதிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டிருந்தனர். அதனை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது 1947இல்தான். அரசு ஆவணங்கள் குற்றப் பதிவேட்டின் வழியே அறிந்திருந்த மக்களைத் துய்மோன் அவர்களுடைய குலம், கோயில், திருமணம், செய்முறை ஆகியவற்றின் வழியே அறிய முற்பட்டார். தென்னிந்தியாவின் ஓர் உட்சாதியைப் பற்றி 1957இல் அவர் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட பெருநூல் இம்முயற்சியின் விளைவாகும். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1986இல் வெளிவந்தது.

மாமன் என்னும் சொல்

தமிழ் உறவுமுறைச் சொற்களையே துய்மோன் தம் கோட்பாட்டின் முதன்மைச் சான்றாகக் கொண்டார். அவர் காட்டிய வழியில் அச்சொற்களை நோக்கின், தாயின் உடன்பிறந்தான் மாமன். தந்தையின் உடன்பிறந்தாள் கணவனும் மாமன். மனைவியின் தந்தையும் மாமனே. மறுபுறம், தாயின் தங்கை கணவன் குருதித் தொடர்பு இல்லாதவனாயினும் சித்தப்பன் ஆகின்றான். அவன் மக்கள் உடன்பிறந்தாராகவே கருதப்படுகின்றனர். எனவே இச்சொற்களைப் பிரிக்கும் கோடு குருதியின் நெருக்கத்தைப் பொறுத்ததன்று. கொள்வினை, கொடுப்பினைக்கு உரியவர் யார், உரியரல்லாதார் யார் என்பதைப் பொறுத்தது.

இதனை 1953இல் மேன் என்னும் ஆய்விதழில் துய்மோன் வெளியிட்டார். தாய்மாமன் பரிவைத் தாயன்பின் நீட்சியாகக் கண்டவர் ரெட்கிளிஃப் பிரௌன். துய்மோனோ தாய்மாமனை முதற்கண் தந்தையின் மைத்துனனாகக் கண்டார். தந்தை தலைமுறையின் மைத்துன உறவே மகன் தலைமுறையில் மாமன் உறவாகத் தொடர்கின்றது. ரெட்கிளிஃப் பிரௌன் அதே இதழில் மறுப்புரைத்தார். எனினும் மணவழி உறவைத் தனிப்பொருளாக ஆராயும் போக்கு அதன்பின் வலுப்பெற்றது.

சீர் இக்கருத்துக்கு உறுதுணையாகும். திருமணத்தின்போது பெண் வீட்டார் தொடங்கும் கொடை அன்றோடு முடிவதில்லை. அப்பெண்ணின் பிள்ளைகளுக்குக் காதுகுத்து, பூப்பு நீராட்டு, திருமணம் என ஒவ்வொரு நிகழ்விலும் தாய்மாமன் சீராக அது தொடர்கின்றது. ஆகவே மாமன் சீர் தனியொரு சடங்கன்று. முன் தலைமுறைத் திருமணத்தின் தொடர்ச்சியாகும்.

பிற்காலப் பணிகள்

1951 முதல் 1955 வரை ஆக்சுபோர்டில் கற்பித்த துய்மோன், பின்னர்ப் பாரிசு உயராய்வுப் பள்ளியில் பொறுப்பேற்றார். 1957இல் டேவிட் போகாக்குடன் இணைந்து இந்தியச் சமூகவியலுக்கெனத் தனி ஆய்விதழ் தொடங்கினார். 1966இல் வெளிவந்த ஹோமோ ஹைரார்க்கிகஸ் அவருக்கு உலகப்புகழும் கடும் எதிர்ப்பும் ஒருங்கே தேடித்தந்தது. தனிமனிதனிலிருந்து சமூகத்தை விளக்கும் மேலைமரபை அந்நூல் வினவியது. தனியொருவரை அன்றி உறவையே அலகாகக் கொள்ளும் பார்வையை மதுரைக் களத்திலேயே அவர் பயன்படுத்தியிருந்தார். அவர் 1998இல் காலமானார்.

இடைவெளியும் தேவையும்

துய்மோனின் ஆய்வில் உறவு ஆணிடமிருந்து ஆணுக்குச் செல்கின்றது. மைத்துனரிருவரை இணைக்கும் பெண், ஒருவனுக்குத் தங்கையும் மற்றவனுக்கு மனைவியுமாக நின்றும், தன் குரலின்றியே அமைகின்றாள். மார்கரெட் ட்ராவிக் 1990இல் வெளியிட்ட தமிழ்க் குடும்பத்து அன்பு பற்றிய நூல், அண்ணன் தங்கையிடையே பிரிவால் எழும் ஏக்கத்தை முறைமணத்தின் உட்பொருளாகக் கண்டு, இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பியது. சீர் பிறந்தவீட்டு உரிமையின் அடையாளமா, சொத்துரிமைக்கு ஈடாகத் தரப்படும் சிறு பங்கா என்பதைப் பெண்களின் கூற்றுகளைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

நிறைவுரை

சொந்தத்தில் மணம் முடிப்பது குறைந்துவரும் இக்காலத்தும் அயலிலிருந்து வந்த மருமகளுக்குக் கணவனின் தந்தை மாமா ஆகின்றார். தாய் அத்தை ஆகின்றாள். முறைமணம் தளர்ந்தும் முறைச்சொல் நிலைத்துள்ளது, சீரும் தொடர்கின்றது. மரபுரிமையாக வந்த மணவழி உறவு, அம்மரபில்லாத இரு குடும்பங்களிடையே எவ்வாறு உருக்கொள்கின்றது, அதன் செலவைச் சுமப்பவர் யாவர் என்பன துய்மோனுக்குப் பின் நம் ஆய்வாளர் முன் நிற்கும் வினாக்களாகும். அவர் தமிழ்ச்சொற்களைக் கேட்டுக் கோட்பாடு கண்டார். அச்சொற்களோடு வாழ்வோரின் பட்டறிவையும் சேர்த்து அக்கோட்பாட்டை முழுமையாக்குதல் தமிழாய்வின் கடமையாகும்.