முக்குவச் சட்டம் எழுதிய நியாயவாதி

சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய காலத்தில் வாழ்ந்த இலங்கை நியாயவாதி கிறிஸ்தோபர் பிறிட்டோ அவர்கள். அந்நாளிலே கல்முனையையும் உள்ளடக்கிய மட்டக்களப்புப் பகுதியில் முக்குவச் சட்டம் வழங்கிற்று. அதன்படி ஒருவரின் முதுசம் மகனைச் சேராது. சகோதரியின் பிள்ளைகளையே சேரும். வழக்கிலே வாழ்ந்த அவ்விதிகளை அன்னார் 1876-இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் 15-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவற்றின் வலுவைப் போக்கியது! 1879-இல் யாழ்ப்பாண வைபவமாலையையும் அவர் ஆங்கிலத்திற் பெயர்த்தளித்தார்.

நீதிமன்றில் அம்முறை மறைந்தது. ஆயினும் மகளுக்கு வீடு வளவு கொடுக்கும் வழக்கம் இக்கரையோரத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இன்றும் உண்டு. வாலிபர்களே! எழுதாத வழக்கம் மறைந்துபோம். முதியோரிடம் கேட்டு, நம் குடிவழமைகளை நாமும் எழுதி வைப்போமாக.