கிரெச்சோ மலையில் ஒரு நள்ளிரவு

படிவம் நான்கில் படித்தபோது, கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மாலை வகுப்புத் தோழன் ஒருவன் வீட்டுக்குப் போயிருந்தேன். வரவேற்பறை மூலையில் குடில் வைத்திருந்தார்கள். மரியாள், சூசையப்பர், இடையர்கள், மாடு, கழுதை எல்லாம் இருந்தன. நடுவிலிருந்த தீவனத் தொட்டி மட்டும் காலியாகக் கிடந்தது. பொம்மை தொலைந்துவிட்டதா என்று கேட்டேன். தோழனின் பாட்டி சிரித்தார். குழந்தையை நள்ளிரவில்தான் வைப்பார்களாம். குடில் வைக்கும் வழக்கம் எப்படி வந்தது என்று கேட்டதற்கு அவர் ஒரே ஒரு பெயரைச் சொன்னார்: அசிசி பிரான்சிஸ். அன்று தேடத் தொடங்கிய அந்தப் பெயரைப் பற்றி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பிரான்சிஸ் 1181 அல்லது 1182இல் இத்தாலியின் அசிசி நகரில் பிறந்தார். தந்தை பெரிய துணி வணிகர். கை நிறையப் பணம், ஓயாத விருந்து, போர் வீரனாகிப் பெயர் வாங்கும் கனவு. 1202இல் பக்கத்து நகரான பெருஜாவோடு நடந்த போரில் பிடிபட்டு ஏறக்குறைய ஓராண்டு சிறையில் கிடந்தார். பிறகு நோய். எழுந்தபோது பழைய வாழ்க்கை ருசிக்கவில்லை. தொழுநோயாளிகளைக் கண்டாலே அருவருத்து விலகியவர், அவர்களுடனேயே தங்கிப் பணிவிடை செய்தார். இடிந்த கோயிலைச் செப்பனிடத் தந்தையின் துணிகளை விற்றார். வழக்கு ஆயரிடம் போனது. 1206இல் ஊரார் முன்னிலையில், பணத்தோடு உடுத்தியிருந்த உடையையும் கழற்றித் தந்தையிடம் கொடுத்துவிட்டார். இந்தத் தந்தையை எல்லாரும் வில்லனாகவே காட்டுகிறார்கள். கேட்காமல் சரக்கை விற்றால் எந்த வியாபாரிதான் சும்மா இருப்பார்? எனக்கு அவர்மீது இரக்கம்தான் வருகிறது.

1209இல் ஒரு சில தோழர்களோடு ரோமாபுரி சென்று போப்பாண்டவரின் அனுமதி பெற்றார். பத்தே ஆண்டுகளில் சபை ஆயிரக்கணக்கில் பெருகியது. 1219இல் சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த எகிப்துக்குப் போய், ஆயுதமின்றி சுல்தான் அல்-காமிலைச் சந்தித்துப் பேசினார். அங்கிருந்து கண்நோயோடு திரும்பினார். ஊரில் வேறொரு நோவு காத்திருந்தது. எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ளாமல் வாழவேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் சகோதரர்கள் பலருக்குப் பாரமாகியிருந்தது. 1220இல் தலைமைப் பொறுப்பை விட்டு விலகினார்.

அந்த மனநிலையில்தான் 1223 டிசம்பரில் கிரெச்சோ என்ற மலையூருக்கு வந்தார். கிறிஸ்துமஸுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் முன்பு, அவ்வூர்ப் பெரியவர் ஜொவான்னியிடம் ஓர் உதவி கேட்டார். ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. பெத்லகேமில் அந்தக் குழந்தை பட்ட சிரமத்தைத் தம் கண்ணாலேயே பார்க்கவேண்டும் என்பது அவர் ஆசை. நள்ளிரவில் ஊர் மக்கள் தீப்பந்தங்களும் மெழுகுவத்திகளும் ஏந்தி மலையேறி வந்தார்கள். சில ஆண்டுகளில் இதை எழுதிவைத்த செலானோ தோமா, மரியாளாகவோ சூசையப்பராகவோ யாரும் நின்றதாகச் சொல்லவில்லை. தொட்டியின்மேல் திருப்பலி நடந்தது. பிரான்சிஸ் குருவானவர் அல்லர், திருத்தொண்டர். நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். பெத்லகேம் என்ற பெயரை ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் உச்சரித்தாராம்.

தொட்டியின்மேல் ஏன் திருப்பலி? கடவுளே மனிதனாகி, பிறர் ஊட்டாவிட்டால் பிழைக்க முடியாத கைக்குழந்தையாக, மாடு தின்னும் இடத்தில் கிடந்தார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. அவரே திருப்பலியில் அப்பமாகத் தம்மைத் தருகிறார் என்பதும் அவர்களின் நம்பிக்கை. தீனி வைக்கும் தொட்டியில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. புனித பூமிக்காகப் படைகள் மோதியதை நேரில் கண்டவர், பெத்லகேமை ஓர் ஏழை மலையூருக்கே கொண்டுவந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

துறவி என்றதும் அவரைச் சிடுமூஞ்சியாக நினைத்துவிட வேண்டாம். ஒருமுறை கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில் வந்தது. இறைச்சி உண்ணலாமா என்று சகோதரர்கள் தயங்கினார்கள். இந்த நாளில் சுவர்களுக்கும் இறைச்சி ஊட்டவேண்டும், தின்ன முடியாவிட்டால் மேலேயாவது பூசவேண்டும் என்றாராம்! மாட்டுக்கும் கழுதைக்கும் அன்று கூடுதல் தீவனம் வேண்டும், பறவைகளுக்கு வழியெங்கும் தானியம் இறைக்கவேண்டும் என்றும் விரும்பினார். இன்னொரு கிறிஸ்துமஸ் விருந்தில், மரியாள் அன்று பட்ட வறுமையை ஒருவர் நினைவூட்டினார். பிரான்சிஸ் எழுந்து, அழுதபடி வெறுந்தரையில் அமர்ந்து மீதி ரொட்டியை உண்டார்.

கிரெச்சோவுக்குப் பின் மூன்று ஆண்டுகூட அவர் வாழவில்லை. பார்வை ஏறக்குறைய போய்விட்டது. 1226 அக்டோபர் 3ஆம் நாள் மாலை அசிசிக்கு அருகே இறந்தார். சாவு நெருங்கியபோது தம் உடையை அகற்றி, வெறுந்தரையில் கிடத்தும்படி சகோதரர்களைக் கேட்டுக்கொண்டார். அவர்களும் அப்படியே செய்தார்கள்.