இன்னொரு பெல்: சர் சார்லஸ் பெல்

பெல் என்றதும் நமக்கு டெலிபோன் பெல்தான் ஞாபகம் வரும். இவர் வேற ஆள். ரெண்டு பேருமே எடின்பரோவில் பிறந்தவர்கள் என்றாலும், இவர் காலமாகி 5 வருஷம் கழித்துத்தான் அவர் பிறந்தார்.

சார்லஸ் பெல் பிறந்தது 1774-ல். சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். படம் வரையச் சொல்லிக் கொடுத்தது அம்மா. அண்ணன் ஜான், அறுவை மருத்துவர். உள்ளூர் டாக்டர்கள் சண்டையில் அண்ணன் தம்பி இருவருக்குமே ஆஸ்பத்திரிக் கதவு சாத்தப்பட்டது. 1804-ல் தம்பி லண்டனுக்குக் கிளம்பிவிட்டார். 1815-ல் வாட்டர்லூ போர் முடிந்ததும் பிரஸ்ஸல்ஸுக்கு ஓடிப்போய், காயம்பட்ட சிப்பாய்களுக்கு நாள்கணக்கில் அறுவை செய்தார். அவர்களைப் படமாகவும் வரைந்து வைத்தார்.

முகத்துக்கு வரும் முக்கிய நரம்புகள் ஐந்தாவதும் ஏழாவதும். இரண்டும் ஒரே வேலைதான் பார்க்கின்றன என்று அதுவரை நினைத்திருந்தார்கள். இல்லை, முகத்தை அசைப்பது ஏழாவது என்று 1821-ல் பெல் காட்டினார். ஐந்தாவது பற்றி அவர் சொன்னதில் பிழை இருந்தது. அதை மஜாந்தியும் மேயோவும் திருத்தினார்கள். அதற்குப் பிறகு பெல் செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 1824-ல் தன் பழைய கட்டுரைகளை மறுபடி அச்சிட்டபோது வாசகங்களைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டார்! பெரிய மனிதருக்கு இது தேவையா?

1831-ல் சர் பட்டம். 1836-ல் எடின்பரோவில் பேராசிரியர். 1842-ல் மறைந்தார். முகம் ஒரு பக்கம் செயலிழக்கும் நோய்க்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது.

ஏழாவது நரம்பு கிளம்பும் இடத்தைப் பின்னால் வந்தவர்கள் துல்லியமாகக் கண்டுபிடித்தார்கள். மூளைத்தண்டில் 'பான்ஸ்' என்ற பகுதியின் அடிப்பக்கம் உள்ள ஒரு செல் கூட்டம் அது. நம்ம பாஷையில் சப்ஸ்டேஷன். இதில் நெற்றியைக் கவனிக்கும் பகுதிக்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஃபீடர் உண்டு. வாய்ப்பக்கத்துக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்து ஃபீடர் மட்டும்தான். அதனால் மேல்மூளையில் பக்கவாதம் வந்தால் வாய் கோணும், ஆனால் நெற்றி சுருங்கும். சப்ஸ்டேஷனோ அதிலிருந்து போகும் லைனோ கெட்டால் நெற்றியும் அசையாது, கண்ணும் சரியாக மூடாது. வீட்டில் யாருக்காவது திடீரென்று வாய் கோணினால், இதை வைத்து நாமே தீர்ப்பு சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. எதுவானாலும் உடனே ஆஸ்பத்திரிதான். அங்கே டாக்டர் முதலில் புருவத்தைத் தூக்கச் சொல்வது எதற்கென்று இப்போது தெரிந்திருக்குமே!